வாசகர் கேள்விகள்: ஸ்லெட்டிலிருந்து இறங்கிய பிறகு

சென்ற இதழில், பாப்ஸ்லெட் (ஸ்லெட் என்ற வண்டியில் பனிக்கட்டிப் பாதையில் சறுக்கி இறங்கும் பந்தயம்) வீரராக இருந்து கோச்சாக மாறிய அமெரிக்கர் பிரையன் ஷைமரைப் பற்றிச் சின்னதாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நிறையப் பேர் கேள்வி அனுப்பிவிட்டீர்கள். அதனால் இந்த இதழ் முழுக்க பாப்ஸ்லெட்தான்.

கேள்வி: நாலு பேர் ஓடிவந்து வண்டியைத் தள்ளுகிறார்கள், ஏறி உட்காருகிறார்கள், சரிவில் அது தானாகப் போகிறது. இதில் கோச்சுக்கு என்ன வேலை?

பதில்: டிவியில் பார்த்தால் அப்படித்தான் தெரியும். தள்ளுகிற தூரம் சுமார் 50 மீட்டர், நல்ல அணி அதை ஐந்து வினாடிக்குள் முடித்துவிடும். அதற்கப்புறம் பின்னால் இருக்கும் மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான், பிரேக் பிடிப்பவருக்குக்கூட எல்லைக்கோட்டைத் தாண்டிய பிறகுதான் வேலை. நடுவில் உள்ள முக்கால் நிமிடத்துக்கு மொத்தப் பொறுப்பும் முன்னால் இருக்கும் டிரைவருடையது. அவர் இரண்டு கைகளிலும் கைக்கொரு வளையம் இருக்கும், வளையத்தில் கயிறு, அந்தக் கயிறு முன்பக்க ரன்னர்களைத் திருப்பும். ரன்னர் என்பது வண்டிக்கு அடியில் பனிக்கட்டியைத் தொட்டபடி ஓடும் எஃகுப் பட்டை.

கயிற்றை எவ்வளவு குறைவாக இழுக்கிறாரோ அவ்வளவு வேகம். தேவையில்லாமல் ஒரு தடவை இழுத்தால் ரன்னர் பனியைச் சுரண்டும், அங்கே போகிற நேரம் கடைசி வரைக்கும் திரும்பக் கிடைக்காது. அதற்காக இழுக்காமல் விட்டால் அடுத்த வளைவில் வண்டி சுவரில் ஏறிக் கவிழ்ந்துவிடும். எந்த வளைவில், எந்த நொடியில், எவ்வளவு என்பதைத்தான் டிரைவரும் கோச்சும் வருடக்கணக்காகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

பயிற்சி ஓட்டத்துக்கு முன்னால் இருவரும் அந்தப் பாதையில் நடந்தே போவார்கள். வழுக்காத ஷூ போட்டுக்கொண்டு ஒவ்வொரு வளைவிலும் நின்று, குனிந்து பனியைப் பார்ப்பார்கள். அந்தப் பனியை ஆட்கள் கையால் சீவி வடிவம் கொடுக்கிறார்கள், அதனால் நேற்று இருந்த வளைவு இன்றைக்கு அதே மாதிரி இருக்கும் என்று நம்பிவிட முடியாது. ஓட்டம் தொடங்கியதும் கோச் ஏதாவது ஒரு வளைவுக்குப் பக்கத்தில் கேமராவோடு போய் நிற்பார். வண்டி அவரைக் கடந்து போகும் நேரம் ஒரு வினாடிகூட இருக்காது. அதற்குள் அது எந்த உயரத்தில் நுழைந்தது, எங்கே இறங்கியது, வால் பக்கம் அலைந்ததா, ரன்னர் சத்தம் சீராக இருந்ததா என்று எல்லாவற்றையும் பிடித்தாக வேண்டும். சாயங்காலம் வீடியோவைப் போட்டு டிரைவரோடு உட்கார்வார். இது போக, யார் எந்த இடத்தில் உட்காருவது, இன்றைய குளிருக்கு எந்த ரன்னரை மாட்டுவது என்பதும் அவர் தலையில்தான்.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும்போது காதில் ஏதாவது மாட்டிக்கொண்டு கோச் சொல்வதைக் கேட்பார்களா?

பதில்: இல்லை. வண்டி கிளம்பிவிட்டால் டிரைவர் தனி ஆள்தான். ரேடியோவெல்லாம் ஆங்காங்கே நிற்கும் கோச்சுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள.

கேள்வி: பிரையன் ஷைமர் அப்படி என்ன பெரிதாகச் சாதித்தார்? ஒரே ஒரு வெண்கலம்தானே?

பதில்: ஆமாம், ஒலிம்பிக்கில் அவர் வாங்கியது ஒரே ஒரு வெண்கலம். அதை வாங்க அவர் 1988, 1992, 1994, 1998, 2002 என்று ஐந்து ஒலிம்பிக் போக வேண்டியிருந்தது. அந்த வரிசையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால்தான் அவர் பின்னாளில் எப்படிப்பட்ட கோச்சாக வந்தார் என்பது பிடிபடும்.

பனியே பார்க்காத ஃபுளோரிடாவின் நேப்பிள்ஸ் ஊர்க்காரர். கல்லூரியில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடியவர். பாப்ஸ்லெட்டுக்கு இப்படி வருவது சாதாரணம், வேகமும் உடல் பலமும் இருக்கும் ஆட்களைத்தான் முதலில் தேடுவார்கள். 1992ல் ஆல்பர்ட்வில்லில் இருவர் ஸ்லெட்டை ஓட்டினார், பின்னால் பிரபல ஃபுட்பால் வீரர் ஹெர்ஷல் வாக்கர், ஏழாவது இடம். 1994ல் லில்லிஹாமரில் நால்வர் போட்டியில் ரன்னர் சூடாக இருந்ததென்று அவருடைய வண்டியைத் தகுதிநீக்கம் செய்துவிட்டார்கள். 1998ல் நாகானோ. மழையால் நான்கு ஓட்டங்கள் மூன்றாகச் சுருங்கிய அந்த நால்வர் போட்டியில் அவர் ஐந்தாவது. வெண்கலத்துக்கும் அவருக்கும் நடுவே இருந்தது 0.02 வினாடி. மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டிக்கு அது சுமார் 70 சென்டிமீட்டர் தூரம், அந்த வண்டியின் நீளத்தில் கால்வாசிகூட இல்லை. அந்த வெண்கலத்தை பிரிட்டனும் பிரான்ஸும் சம நேரத்தில் வந்து பகிர்ந்துகொண்டன.

அப்போது அவருக்கு 35 வயது. பெரும்பாலானவர்கள் அதோடு போதும் என்று விட்டிருப்பார்கள், அவர் விடவில்லை. 39 வயதில் 2002 சால்ட் லேக் சிட்டியில், மைக் கோன், டக் ஷார்ப், டான் ஸ்டீல் மூவரையும் பின்னால் வைத்துக்கொண்டு மூன்றாவதாக வந்தார். அதே போட்டியில் டாட் ஹேஸ் ஓட்டிய இன்னொரு அமெரிக்க வண்டிக்கு வெள்ளி. 1956க்குப் பிறகு அமெரிக்க ஆண்கள் பாப்ஸ்லெட்டில் ஒலிம்பிக் பதக்கமே வாங்கியிருக்கவில்லை, 46 வருடம் கழித்து ஒரே நாளில் இரண்டு வந்தன. நிறைவு விழாவில் அமெரிக்கக் கொடியைப் பிடித்துக்கொண்டு நடந்தவர் ஷைமர். அதோடு ஓட்டுவதை நிறுத்திவிட்டு கோச் ஆனார்.

2010ல் வான்கூவர் ஒலிம்பிக்கின்போது அவர் அமெரிக்க ஆண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளர். அவருடைய டிரைவர் ஸ்டீவன் ஹால்கம், 2009லேயே லேக் பிளாசிடில் நால்வர் உலகப் பட்டம் வென்றிருந்தவர், அதுவே அமெரிக்காவுக்கு 50 வருடத்தில் முதல். ஒலிம்பிக் நடந்த விஸ்லர் பாதை உலகிலேயே வேகமானது, அங்கே வண்டியின் வேகம் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டும். அங்கே 13வது வளைவுக்கு ‘ஃபிஃப்டி ஃபிஃப்டி’ என்று பெயர் வைத்ததே ஹால்கம்தான், தப்பிப்பதும் கவிழ்வதும் பாதிக்குப் பாதி என்ற அர்த்தத்தில். நால்வர் போட்டியின் முதல் நாளே ஷைமரின் இன்னொரு டிரைவர் ஜான் நேப்பியரின் வண்டி தலைகீழாகிவிட்டது. கோச்சாக ஒரு கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டு, மறு கண்ணால் முன்னிலையில் இருக்கும் ஹால்கமை அடுத்த நாளுக்குத் தயார் செய்ய வேண்டும். ஹால்கம் 0.38 வினாடி வித்தியாசத்தில் ஜெர்மனியின் ஆந்த்ரே லாங்கேவை வென்றார். நால்வர் ஸ்லெட்டில் 1948க்குப் பிறகு அமெரிக்காவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது, 62 வருடக் காத்திருப்பு. 2012ல் உலகப் போட்டியில் இருவர், நால்வர் இரண்டு பட்டமும் ஹால்கமுக்கு.

ஒரு வெண்கலம்தானே என்று கேட்டீர்கள். எனக்கு அந்த வெண்கலத்தைவிட அதற்கு முந்தைய பதினான்கு வருடம்தான் பெரிதாகத் தெரிகிறது. பதக்கம் எத்தனை விதமாகக் கைநழுவும் என்று தன் உடம்பிலேயே தெரிந்துவைத்திருக்கும் ஆள் வளைவோரம் நின்று பார்க்கும்போது, மற்றவர் கண்ணுக்குப் படாதது அவர் கண்ணுக்குப் படும் என்று நான் நினைக்கிறேன்.

கேள்வி: ரன்னர் சூடானால் ஏன் தகுதிநீக்கம்? அது என்ன குற்றமா?

பதில்: சூடான எஃகு பனியில் இன்னும் வழுக்கிக்கொண்டு போகும், உராய்வு குறையும். அதனால் ரன்னரைச் சூடாக்கக்கூடாது என்பது இந்த விளையாட்டின் கறாரான விதி. தொடங்குமிடத்தில் ஒரு மாதிரி ரன்னரைத் திறந்தவெளியில் வைத்திருப்பார்கள், வண்டியின் ரன்னர் அதைவிட 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருந்தால் வெளியே போக வேண்டியதுதான். வேண்டுமென்று செய்தீர்களா, கவனக்குறைவா என்ற விசாரணையெல்லாம் கிடையாது, தெர்மாமீட்டர் காட்டுவதுதான் தீர்ப்பு. நாலு வருடப் பயிற்சி முதல் ஓட்டத்தோடு முடிந்துபோகும். வண்டியின் எடை, ரன்னரின் எஃகு, ஆட்களோடு சேர்த்த மொத்த எடை என்று எல்லாவற்றுக்கும் இதே கறார்தான். ஆண்கள் நால்வர் ஸ்லெட் என்றால் ஆட்களோடு 630 கிலோவைத் தாண்டக்கூடாது. கோச் என்றால் இதையெல்லாம் ஓட்டத்துக்கு முன்னால் நாலு தடவை சரிபார்க்கிற ஆளும்தான்.

கேள்வி: சொந்த நாட்டுக்காகத் தங்கம் வாங்கியவர் அடுத்த நாட்டுக்குக் கோச்சாகப் போவது சரியா?

பதில்: நீங்கள் யாரை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது, கனடாவின் பியர் லூடர்ஸ். என்னைக் கேட்டால் தாராளமாகப் போகலாம்.

லூடர்ஸ் 1998 நாகானோவில் டேவ் மெக்எக்கர்னோடு இருவர் தங்கம் வாங்கியவர். நான்கு ஓட்டங்களையும் கூட்டிப் பார்த்தால் இத்தாலியின் குந்தர் ஹூபருடைய நேரமும் அவருடைய நேரமும் நூறில் ஒரு வினாடிகூடப் பிசகாமல் ஒன்றாக இருந்தன, இரு நாட்டுக்கும் தங்கம் கொடுத்தார்கள். 2006ல் ஒரு வெள்ளி. 2010ல் சொந்த மண்ணில் நடந்த வான்கூவரோடு ஓய்வுபெற்று, முதலில் கனடாவின் இளம் டிரைவர்களுக்குத்தான் கற்றுக்கொடுத்தார். அப்புறம் ரஷ்யா, அதற்கப்புறம் தென் கொரியா.

தென் கொரியாவின் கதை தனி. அங்கே முன்னால் கோச்சாக இருந்தவர் பிரிட்டனின் பழைய பாப்ஸ்லெட் வீரர் மால்கம் லாய்ட். 2016 ஜனவரியில் அவர் இறந்துபோனார். அதே மாதம் விஸ்லரில் வோன் யுன்-ஜோங்கும் சியோ யங்-வூவும் தங்கள் நாட்டின் முதல் உலகக் கோப்பைத் தங்கத்தை வென்று அதை அவருக்குக் காணிக்கையாக்கினார்கள். அந்த இடத்துக்குத்தான் லூடர்ஸ் வந்தார். 2018 பியோங்சாங்கில் வோன் ஓட்டிய நால்வர் ஸ்லெட்டுக்கு வெள்ளி, அதுவும் ஜெர்மனியின் நிகோ வால்ட்டரோடு சம நேரத்தில். ஆசிய நாடு ஒன்று ஒலிம்பிக் பாப்ஸ்லெட்டில் வாங்கிய முதல் பதக்கம் அது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. அதே பியோங்சாங்கில் இருவர் போட்டித் தங்கமும் ஜெர்மனிக்கும் கனடாவுக்கும் சமமாகப் பிரிந்தது. கனடாவின் வண்டியை ஓட்டியவர் ஜஸ்டின் கிரிப்ஸ். 2010ல் லூடர்ஸின் நால்வர் ஸ்லெட்டில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அதே கிரிப்ஸ்! சொந்த நாட்டில் ஒரு வாரிசு, தூர தேசத்தில் ஒரு சரித்திரப் பதக்கம், இரண்டும் ஒரே வாரத்தில். இந்த விளையாட்டுக்கென்று உலகத்தில் இருக்கும் பாதைகளே மிகக் குறைவு. அறிவை எல்லைக்குள் பூட்டி வைத்தால் நாலைந்து நாடுகள் மட்டும் தங்களுக்குள் ஓடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கேள்வி: ஜமைக்கா அணியைப் பற்றி வந்த ஹாலிவுட் படத்தில், ஏமாற்றி மாட்டிக்கொண்ட பழைய வீரர் ஒருவர் கோச்சாக வருவாரே, அது நிஜமா?

பதில்: அந்தக் கதாபாத்திரம் கற்பனை. 1988 கால்கரி ஒலிம்பிக்குக்கு ஜமைக்காவைத் தயார் செய்தவர்களில் முக்கியமானவர் ஹவர்ட் சைலர், 1972லும் 1980லும் அமெரிக்காவுக்காக ஒலிம்பிக் பாப்ஸ்லெட்டில் கலந்துகொண்டவர். ஏமாற்று வேலை எதுவும் அவர் பேரில் இல்லை, நிஜ மனிதரைப் பற்றி யாரும் அப்படி நினைத்துக்கொண்டிருந்தால் தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள். 1988ல் வண்டி கவிழ்ந்ததும், அவர்கள் நடந்தே எல்லைக்கோட்டுக்கு வந்ததும் எல்லோருக்கும் தெரியும். ஆறு வருடம் கழித்து 1994ல் அதே டட்லி ஸ்டோக்ஸ் ஓட்டிய ஜமைக்கா நால்வர் ஸ்லெட் 14வது இடத்தில் முடித்தது, அமெரிக்காவின் இரண்டு வண்டிகளும் அதற்குப் பின்னால்தான். அந்த இரண்டில் ஒன்று, மேலே சொன்ன ஷைமரின் தகுதிநீக்கமான வண்டி.

கேள்வி: பெரிய சாம்பியன்தான் பெரிய கோச் ஆக முடியும் என்கிறார் என் நண்பர். உங்கள் கருத்து?

பதில்: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஜெர்மனியையே எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்டோஃப் லாங்கன் 1998ல் நால்வர் தங்கமும் 2002ல் இருவர் தங்கமும் வாங்கிய டிரைவர், பின்னால் தலைமைப் பயிற்சியாளர். அவர் காலத்தில் நடந்த 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ஜெர்மனிக்கு பாப்ஸ்லெட்டில் ஒரு பதக்கம்கூட இல்லை. பழி முழுவதையும் அவர் மேல் போடுவது நியாயமில்லை, அந்த வருடம் வண்டிகளின் தரத்தைப் பற்றியே பெரிய பேச்சாக இருந்தது. அவருக்குப் பிறகு வந்த ரெனே ஷ்பீஸும் முன்னாள் டிரைவர்தான், ஆனால் ஒலிம்பிக் பதக்கம் இல்லாதவர். 2018ல் அவருடைய அணி மூன்று போட்டியிலும் தங்கம். உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

ஓட்டிய அனுபவம் வேண்டும், அதில் சந்தேகமில்லை. பதக்கம் வேண்டும் என்பது வேறு விஷயம்.

கேள்வி: ஹால்கமுக்குக் கண் தெரியாது என்று படித்தேன். கண் தெரியாதவரை எப்படி ஓட்டவிட்டார்கள்?

பதில்: கெரட்டோகோனஸ் என்று ஒரு நோய், கண்ணின் கருவிழிப் படலம் மெலிந்து கூம்பு மாதிரி பிதுங்கும், பார்வை படிப்படியாகக் கெடும். ஹால்கம் அதை ரொம்ப நாள் யாரிடமும் சொல்லாமலே ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் இனி முடியாது, விலகிக்கொள்கிறேன் என்று அணியிடம் உண்மையைச் சொன்னார். அவர்கள் அவரை அனுப்பிவிடாமல் சிகிச்சைக்கு வழி தேடினார்கள், சிகிச்சை பலித்து பார்வை திரும்பியது. ஆனால் தெளிவாகத் தெரிந்ததே அவருக்கு இடைஞ்சலாக இருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார், அத்தனை வருடம் உடம்பில் படுகிற அழுத்தத்தை வைத்தே வளைவைக் கணித்துப் பழகியிருந்தார். நல்ல டிரைவர்கள் கண்ணைவிட இடுப்பையும் முதுகையும் நம்பித்தான் ஓட்டுகிறார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. கோச் வீடியோவில் காட்டுவதை டிரைவர் முதுகில் பட்டதோடு பொருத்திப் பார்க்கத் தெரிய வேண்டும், அங்கேதான் ஓட்டிய அனுபவம் உள்ள கோச்சுக்கு மதிப்பு. ஹால்கம் 2017ல் தன் 37வது வயதில் காலமானார். சோச்சியில் அவர் வாங்கிய இரண்டு வெண்கலங்களும், ரஷ்ய டிரைவர் ஊக்கமருந்து விவகாரத்தில் நீக்கப்பட்டதால் பிறகு வெள்ளியாயின. அதைக் கையில் வாங்க அவர் இல்லை என்பது எனக்கு இன்னும் மனதை உறுத்துகிறது.

கேள்வி: வண்டியைத் தள்ளுபவராக மட்டும் இருந்தவர் கோச் ஆக முடியாதா?

பதில்: முடியும். தள்ளும் முறையை மட்டும் கற்றுக்கொடுக்கும் கோச்சுகள் உண்டு, தடகளப் பயிற்சி தெரிந்தவர்களுக்கு அங்கே நல்ல இடம். ஆனால் மொத்த அணியையும் பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால் ஓட்டிப் பழகியிருப்பது பெரிய பலம். சர்வதேச கூட்டமைப்பான ஐபிஎஸ்எஃப் புதிய டிரைவர்களுக்கென்று ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் நடத்துகிறது, பாதையின் கீழ்ப்பகுதியிலிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றுவார்கள். 2002ல் ஷைமருக்குப் பின்னால் உட்கார்ந்து வெண்கலம் வாங்கிய மைக் கோன் அப்படித்தான் தள்ளுபவராக இருந்து டிரைவராக மாறினார். 2010 வான்கூவரில் ஷைமர் கோச், கோன் அமெரிக்காவின் மூன்றாவது வண்டியின் டிரைவர். அதற்குப் பிறகு கோனும் பயிற்சியாளர் பக்கம் வந்து, அமெரிக்க அணியின் தலைமைப் பயிற்சியாளர் வரைக்கும் போனார்.